கராட் பெஞ்சில் அரை மணி நேரம்

56 ஏ.பி.ஓ.
3 பிப்ரவரி 1984

ஷாலனுக்கு,

நான் நலம். இங்கே பனி இன்னும் விடவில்லை. காலையில் பக்கெட்டில் கை வைத்தால் விரல் மரத்துப்போகிறது.

நம் ஊர் தோண்டிபா லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டான். அம்மா கொடுத்தனுப்பிய எள்ளுருண்டை கிடைத்தது. டப்பாவைத் திறந்ததும் கூடாரத்தில் இருந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒன்றாக அள்ளிவிட்டார்கள். எல்லோரும் தின்றுகொண்டிருந்தபோது அவன் சொன்னான்.

“உன் வீட்டம்மாவைக் கராட்ல பாத்தேன்டா. பச்சைப் புடவை. டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. டாக்டரும் வெளிய வந்து நின்னு பேசிக்கிட்டிருந்தாரு. என்னமோ ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, கூப்பிடல.”

“கிழ டாக்டர்தானே, அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் பேசுவார்” என்றேன்.

“எந்தக் கிழவர்? அவர் கண்ணு தெரியலன்னு மகன் வீட்டுக்குப் போயி எத்தனையோ மாசம் ஆச்சு. இவரு பம்பாய்லருந்து வந்தவரு. இளசு. கல்யாணமே ஆகலன்னு பேசிக்கிறாங்க.”

அப்புறம் ஒருவன் என் முதுகில் தட்டி, “உனக்கு மட்டும் ஏண்டா எள்ளுருண்டை கசக்குது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. கிழவர் போனதை நீ ஏன் எனக்கு எழுதவில்லை? எருமை கன்று போட்டதை எழுதினாய். அண்ணன் மகளுக்குக் காது குத்தியதை எழுதினாய். இதை எழுதவில்லை. உன் வழக்கமான ஊசியைப் போட்டு முடிந்தபின் அங்கே உட்கார்ந்திருப்பானேன்? எனக்கும்தான் இங்கே எத்தனையோ ஊசி போட்டிருக்கிறார்கள். போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டு வந்துவிடுவோம்.

அந்த ஊசியை எங்கே போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

நிவ்ருத்தி


நாந்த்காவ்
25 பிப்ரவரி 1984

உங்களுக்கு ஷாலனின் நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை அத்தை என் கையில் கொடுத்தபோது சகு அண்ணி பக்கத்திலேயே நின்றார்கள். “மச்சினர் என்ன எழுதியிருக்கார்?” என்று கேட்டார்கள். “பனியாம்” என்றேன். அதற்குமேல் அந்தக் கடிதத்தில் சொல்லக்கூடியதாக என்ன இருக்கிறது?

கிழவர் போனதை எழுதாததற்குக் காரணம் ஒன்றுமில்லை. டாக்டர் மாறினாலும் ஊசி அதேதான். பதின்மூன்று வயதில் காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கி, இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடுவதில்லை என்று சொன்னார்களே, அன்று தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின். என்னைப் பெண் பார்க்க வந்தபோதே அப்பா உங்கள் வீட்டில் சொன்னார். அந்தக் காய்ச்சல் திரும்பி வரக்கூடாது என்பதற்காகத்தான் இது. வலிக்கும், அன்று முழுக்க ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஆசைப்பட்டு யாரும் போய் வாங்கிக்கொள்கிற ஊசி இல்லை.

ஊசி போடுவது காசிபாய். நர்ஸ். என் அம்மா வயது. டாக்டர் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்பார்: “போன தடவை போட்டப்ப அரிப்பு, தடிப்பு, மூச்சு முட்டல் எதாவது வந்துச்சா?” இல்லை என்பேன். ஒவ்வொரு முறையும் கேட்பார். அப்புறம் அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொல்வார். எனக்கு மட்டும் இல்லை, பென்சிலின் போட்டுக்கொள்கிற எல்லோருக்கும் அந்த பெஞ்சுதான்.

முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் என் பக்கத்தில் ஒரு வெங்காயக்காரி உட்கார்ந்திருந்தாள். காலில் சீழ் பிடித்து வந்தவள். பஸ் வந்துவிட்டது என்று கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். காசிபாய், “உக்காரு, டாக்டர் திட்டுவாரு” என்றாள். “எனக்கு ஒண்ணுமில்ல தாயி, வியாபாரம் கெடும்” என்று வாசல் வரை போனவள் அப்படியே திரும்பினாள். “தொண்டையை அடைக்குதே” என்றாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்தது. கண் இமை பொம்மென்று ஆனது. டாக்டர் ஓடி வந்து அவளைத் தரையிலேயே படுக்கவைத்து, காலைத் தூக்கி வைத்து, தொடையில் இன்னொரு ஊசி போட்டார். அதற்கென்றே ஒரு மருந்து எப்போதும் மேஜைமேல் தயாராக இருக்குமாம். கொஞ்ச நேரத்தில் மூச்சு வந்தது. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இனி ஜன்மத்துக்கும் பென்சிலின் கூடாது, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லு என்று அவள் புருஷனை மூன்று தடவை திருப்பிச் சொல்லவைத்தார். அவள் பஸ் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்குப் பிறகு நான் பெஞ்சை விட்டு எழுந்திருப்பதில்லை.

தோண்டிபா பார்த்த சிரிப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விவசாயி ஜலதோஷத்துக்கு ஊசி கேட்டார். “இதுக்கு ஊசி வேண்டாம், இந்த மருந்து ஜலதோஷத்துக்குக் கேக்காது, தானா போயிடும்” என்றார் டாக்டர். அவர் விடவில்லை. “வந்தது வந்துட்டேன், என் எருமைக்காவது ஒண்ணு குடுங்க” என்றார். பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தோம். டாக்டர் பெட்னேகரும் சிரித்தார். பாவம், அவருக்கு எப்போதும் தும்மல். கருவாடு இல்லாமல் சாப்பாடு இறங்காதாம், காசிபாய் சொன்னாள். ஒல்லியாக, நம் வாசல் முருங்கை மாதிரி இருப்பார். இதற்கா உங்களுக்கு எள்ளுருண்டை கசந்தது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாலன்


56 ஏ.பி.ஓ.
18 மார்ச் 1984

ஷாலனுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அதில் பாதி அவன்தான். ஒல்லி. தும்மல். கருவாடு. பெயரும் தெரிந்தது, பெட்னேகர். இரண்டு வருஷமாக எனக்கு எழுதுகிறாய், நான் ஒல்லியா குண்டா என்று யாரிடமாவது இப்படிச் சொல்லியிருப்பாயா?

ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்கிறான் என்கிறாய். பதில் தெரிந்த கேள்வியை ஒருத்தன் ஏன் கேட்கிறான்? பேச்சுக் கொடுக்கத்தான். காசிபாய் போடுகிறாள், சரி. திரைக்கு இந்தப் பக்கம் அவன் நிற்கிறான் என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். திரை என்றால் துணிதானே.

நான் கெட்டவன் இல்லை, ஷாலன். காவலுக்கு நிற்கும்போது இங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. வெள்ளைப் பனியும் ஒரு கம்பமும்தான். அந்த வெள்ளையில் உன் பச்சைப் புடவையும் அந்த பெஞ்சும் தானாக வந்து நிற்கின்றன. விரட்டினால் போவதில்லை. தோண்டிபா என்னைப் பார்த்தாலே பேச்சை மாற்றுகிறான். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பக்கத்துக் கூடாரத்தில் ஒருத்தனுக்குப் பல் வீங்கி மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்ததும் மிச்சத்தைப் பெட்டியில் போட்டுவிட்டான். இதுவும் பென்சிலின் ஜாதிதானாம், பெயரிலேயே இருக்கிறது. லீவில் வரும் ஒருவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ கராட் போகவேண்டாம். இதைச் சாப்பிடு. ஊசியும் வலிக்கிறது என்கிறாய், அந்த வலியும் மிச்சம்.

நான் சொன்னால் கேட்பாய் என்று நம்புகிறேன்.

நிவ்ருத்தி


நாந்த்காவ்
14 ஏப்ரல் 1984

உங்களுக்கு நமஸ்காரம்.

மாத்திரைகள் வந்தன. சாப்பிட்டேன். தீர்ந்தும் போயின.

அடுத்தவர் மிச்சம் வைத்த மாத்திரையைச் சாப்பிடக்கூடாது என்று கராட் கிளினிக் சுவரில் எழுதியிருக்கிறது. ஆனால் நீங்கள் காகிதத்தில் மடித்து நூல் கட்டி அனுப்பியிருந்தீர்கள். உங்கள் முடிச்சு எனக்குத் தெரியும். அதனால் சாப்பிட்டேன்.

போன வாரம் ஊசி நாள். போகவில்லை. கராட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். சகு அண்ணி வந்து, “என்ன, இன்னிக்கு மகாராணி ஊர்வலம் இல்லையா?” என்றார்கள். “இல்லை” என்றேன். அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இந்த வீட்டில் நான் ஊருக்குப் போவது ஒருவருக்குமே பிடிக்கவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. “உடம்பு கெட்டாலும் டவுனுக்குப் போற உடம்பா இருக்கணும்” என்று மாட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

உங்களை நான் ஒன்று கேட்கலாமா? தை மாதம் அனுப்பிய போட்டோவில் உங்கள் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். கன்னம் சிவந்து, கம்பளி போர்த்தி, உங்கள் தோளை ஒட்டி. அவள் யார் என்று நான் கேட்டேனா? அத்தை கேட்டார்கள், “கடைக்காரியா இருக்கும்” என்று நானே பதில் சொன்னேன். போட்டோவைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன், அவள் தெரியாதபடி ஓரத்தை மடித்து. மடித்ததைக்கூட உங்களுக்கு எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நீங்கள் சொன்னீர்கள், கேட்டுவிட்டேன். சந்தோஷமாக இருங்கள்.

ஷாலன்


56 ஏ.பி.ஓ.
6 மே 1984

என் ஷாலனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு இரண்டு ரொட்டி அதிகம் இறங்கியது. கோபமாக எழுதியிருக்கிறாய், இருக்கட்டும். போகவில்லை என்ற ஒரு வரி போதும் எனக்கு.

அந்தப் பெண் ஸ்வெட்டர் விற்கிறவள். அவள் புருஷன்தான் அந்தப் படத்தையே எடுத்தான். மூன்று பிள்ளைகள். நீ ஓரத்தை மடித்தாய் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பெருமையாகவும் இருந்தது. எனக்காக ஒருத்தி வயிறு எரிகிறாள் என்று.

ஒரு விஷயம். நேற்று எங்கள் மருத்துவக் கூடாரத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருக்கிற உதவியாளர் ஒரு மலையாளி, நம்பூதிரி என்று பெயர், அதிகம் பேசமாட்டார். பேச்சோடு பேச்சாக அந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாருக்கு அனுப்பினே?”

“வீட்டுக்கு.”

“என்ன வியாதிக்கு?”

சொன்னேன். அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். “அந்த ஊசி இடுப்புல இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு மூணு வாரம் காவல் நிக்கும்யா. மாத்திரை சில மணி நேரத்துல ஒண்ணுக்குல போயிடும். பல்லுக்குக் குடுத்த மிச்சத்த வச்சு இதயத்தக் காப்பாத்தப் பாக்கறியா? அந்தம்மாவுக்கு அது ஒத்துக்காம முகம் வீங்கியிருந்தா வீட்ல யாரு பாத்திருப்பா?” என்றார். பல்வலிக்காரனையும் கூப்பிட்டு, மாத்திரையை முழுசாக முடிக்காததற்குத் தனியாகத் திட்டினார்.

கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ நன்றாக இருப்பதாகத்தானே எழுதியிருக்கிறாய். ஒன்று செய்யலாம். அண்ணன் கூட வரட்டும். திரைக்கு உள்ளே வேண்டாம், வெளியே அந்த டாக்டர் பக்கத்தில் அண்ணன் நிற்கட்டும். அப்படியானால் போ. தனியாக வேண்டாம். உழவு வேலை முடிந்தால் அண்ணனுக்கு ஒழியும்.

உடம்பு எப்படி என்று உடனே எழுது.

உன் நிவ்ருத்தி


நாந்த்காவ்
29 மே 1984

உங்களுக்கு.

அட்சய திருதியை சமயத்தில் தொண்டை வலித்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், போய்விட்டது. இப்போது முட்டி. முதலில் இடது, பிறகு வலது, இன்று மணிக்கட்டு. எழுத்து கோணல் அதனால்தான்.

இந்தக் காய்ச்சலை எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் வந்தது.

உங்கள் கடிதம் வந்தது. அண்ணனோடு போ என்று எழுதியிருக்கிறீர்கள். உழவு முடியவில்லை. மழைக்கு முன்னால் விதைக்கவேண்டும் என்கிறார். சகு அண்ணி நடிப்பு என்கிறார்கள். படுத்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தே தூங்குகிறேன்.

கையைத் தூக்கி எழுத முடியவில்லை.

ஷா


56 ஏ.பி.ஓ.
20 ஜூலை 1984

ஷாலனுக்கு,

நேற்று இரவு முகாம் வந்து சேர்ந்தேன். உன்னை மிரஜ் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த நான்கு நாள் ரயிலில் யாரோடும் பேசவில்லை. அங்கேயே உன்னிடம் பேசியிருக்கவேண்டும். உன் கட்டிலருகே வாய் வரவில்லை. நீயும் சுவர் பக்கமே திரும்பிப் படுத்திருந்தாய்.

நீ ஆஸ்பத்திரியில் இருப்பதாகத் தந்தி கையில் கிடைத்தபோது கீழே அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். பெட்னேகர் என்று இருந்தது. அண்ணன் பெயர் இல்லை. உன் உயிருக்கு என்ன ஆச்சோ என்று பதறுவதற்கு முன்னால், இவன் ஏன் அனுப்பினான் என்று தோன்றியது. அந்த ஒரு கணத்தை நினைத்தால் என்னையே செருப்பால் அடிக்கவேண்டும்போல் இருக்கிறது. இருந்தாலும் தோன்றியது. உன்னிடம் பொய் சொல்லி என்ன லாபம்.

வார்டுக்குள் நான் நுழைந்தபோது அவர் உன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். கராட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் வராந்தாவுக்கு அழைத்துப்போனார். நீ கண்ணை மூடியிருந்தாய். அங்கே பேசியதை உனக்கு எழுதுகிறேன்.

“டீ குடிக்கிறீங்களா?”

“வேண்டாம். நீங்க எதுக்கு வந்தீங்க?”

“என் பேஷண்ட். வேற யாரு வருவா?”

“உங்க பேஷண்ட்.” நான் திருப்பிச் சொன்ன விதம் அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். கொஞ்ச நேரம் தும்மிவிட்டு மூக்கைத் துடைத்தார்.

“அவங்க மூணு தடவை ஊசிக்கு வரல. அப்பவே ஆளனுப்பிக் கேட்டிருக்கணும். வேலைல மறந்துட்டேன். அது என்னை உறுத்துது” என்றார்.

ஷாலன், எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? என் தப்பில்கூட இந்த ஆள் பங்கு கேட்கிறானே என்று. நான்தான் போகவேண்டாம் என்று எழுதினேன் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. “டீ குடிக்கலாம்” என்றேன். அவர்தான் வாங்கிக்கொடுத்தார். குடித்தேன்.

அந்த இதயக் கதவு முன்பைவிட மோசமாகியிருக்கிறது என்று பெரிய டாக்டர் சொன்னார். நாற்பது வயதுவரையாவது ஊசி விடக்கூடாது, பிள்ளை பெறுவதைப் பற்றி இப்போது யோசிக்கவேண்டாம் என்றும் சொன்னார். நீயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். அதனால் எழுதவில்லை. நீ எழுது. திட்டியாவது எழுது.

நிவ்ருத்தி


நாந்த்காவ்
12 ஆகஸ்ட் 1984

உங்களுக்கு நமஸ்காரம்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலிலிருந்து கிணறு வரை நடக்கிறேன். அதற்குமேல் மூச்சு இடம் கொடுக்கவில்லை. அத்தை என்னைச் சமையலறைப் பக்கம் விடுவதில்லை.

நீங்கள் போனபிறகு நடந்ததும், வருவதற்குமுன் நடந்ததும் உங்களுக்குத் தெரியாது. டாக்டரைக் கூப்பிட்டு வந்தது யார் தெரியுமா? சகு அண்ணி.

அன்று காலையில் எனக்கு உதடு நீலமாகிவிட்டதாம். அண்ணி பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தனியாக பஸ் ஏறாதவர்கள். கராட்டில் இறங்கி வழி கேட்டுக் கேட்டு கிளினிக்குக்குள் நுழைந்து, எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார்கள்: “எங்க வீட்டுப் பொண்ணு சாகக் கிடக்கா. வராம விட்டதுக்கு என் நாக்குதான் காரணம், மச்சினரோட சந்தேகம்தான் காரணம். இப்ப வர்றீங்களா, இல்ல நான் இங்கயே உக்காரட்டுமா?” டாக்டர் ஒரு ஜீப்பைப் பிடித்து வந்தார். அதனால் அவருக்கு எல்லாம் தெரியும். வராந்தாவில் உங்களோடு டீ குடித்தபோதும் தெரியும். நீங்களாகச் சொல்வீர்களா என்று பார்த்திருப்பார். சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மிரஜிலிருந்து வந்த அன்று அண்ணி எனக்குத் தலை வாரிவிட்டார்கள். சீப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள்: “மூணு வாரத்துக்கு ஒருக்கா நீ நல்ல புடவை கட்டிக்கிட்டு பஸ் ஏறுவ. நான் சாணி தட்டிக்கிட்டு நிப்பேன். எனக்கு ஒரு வியாதி வரமாட்டேங்குதேன்னு இருக்கும்டி. அதுதான். வேற ஒண்ணுமில்ல.” எனக்குக் கோபமே வரவில்லை. அவர்களுடைய பொறாமைக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும்.

உங்களுடையதற்கு என்ன போதும்?

நீங்கள் கட்டிலருகே அழுதீர்கள். நான் தூங்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்காக அழுகிறாரா, தந்தியில் யார் பெயர் என்பதற்காக அழுகிறாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு பெண்டாட்டி நினைக்கும்படி ஆகிவிட்டது.

பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி நான் இன்னும் யாரிடமும் பேசவில்லை. உங்களிடமும் இப்போது பேச முடியாது.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை கராட் போவேன். போகட்டுமா என்று இனி கேட்கமாட்டேன். அண்ணன் வரவேண்டியதில்லை. சகு அண்ணி வருகிறேன் என்கிறார்கள், வந்தால் கூட்டிப்போவேன், வராவிட்டால் தனியாகப் போவேன். ஊசி போட்டபின் பெஞ்சில் உட்காருவேன். யாராவது சிரிக்கும்படி பேசினால் சிரிப்பேன். சிரித்ததை உங்களுக்கு எழுதுவேன், எழுதாமலும் இருப்பேன். மிச்ச மாத்திரை, மலையிலிருந்து வருகிற யோசனை எதையும் இந்த உடம்பில் இனி போடமாட்டேன்.

இதற்கு நீங்கள் சம்மதித்துப் பதில் எழுதவேண்டும் என்று இல்லை. ஆனால் பதில் வருகிறதா என்று தபால்காரரைப் பார்ப்பேன். அதை நிறுத்த எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஷாலன்


56 ஏ.பி.ஓ.
4 செப்டம்பர் 1984

ஷாலனுக்கு,

உன் கடிதத்தை நம்பூதிரியிடம் காட்டவில்லை, தோண்டிபாவிடமும் காட்டவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு காவலுக்குப் போனேன்.

டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். வராந்தாவில் சொல்லாததை எழுதினேன். எழுதும்போதுகூட, இந்த ஆள் இவ்வளவு நல்லவனாக இல்லாமல் இருந்திருக்கக்கூடாதா என்றுதான் இருந்தது. ஒரு அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி. அண்ணனுக்கும் எழுதிவிட்டேன், அம்மா எதிரில் உரக்கப் படிக்கச் சொல்லி. ஷாலன் கராட் போவது என் அனுமதியில் இல்லை, அவளுடைய உடம்பின் தேவையில். வழிமறித்து யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது, நான் உட்பட, என்று எழுதியிருக்கிறேன்.

பூனா பக்கம் மாற்றல் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் குடும்பக் குடியிருப்பு கிடைக்கும். நீ வருவாயா என்று கேட்கவில்லை. கிடைத்தபிறகு கேட்கிறேன்.

என்னுடையதற்கு என்ன போதும் என்று கேட்டிருக்கிறாய். தெரியவில்லை, ஷாலன். மருந்து இருந்தால் இடுப்பிலோ கையிலோ எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்வேன். இன்று காலையிலும் நீ சிரிப்பேன் என்று எழுதிய வரியைப் படித்தபோது வயிறு எரிந்தது. அடுத்த ஊசி நாளன்றும் எரியும். அன்று முழுக்க ரொட்டி இறங்காது, தோண்டிபாவோடு சண்டை போடுவேன். அது என் பாடு. அதை உனக்குத் தபாலில் அனுப்பமாட்டேன். நீ போ.

இதற்கு மேலே ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்ப்பாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காராதே, ரோட்டில் போகிறவனெல்லாம் பார்ப்பான் என்று எழுதிவிட்டேன். கை தானாக எழுதுகிறது.

உனக்கு மூச்சு வாங்கும். காற்று வேண்டும். ஜன்னல் பக்கமே உட்கார்.

நிவ்ருத்தி